சிக்கிள்ஸ் துரையின் வலது கால்

நியூயார்க் சட்டசபைக்குள் ஒரு விலைமாதைக் கூட்டிவந்து, சபையின் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர் டேனியல் சிக்கிள்ஸ். நம் ஆளுக்கு அது வெறும் பிள்ளையார் சுழி.

1857-ல் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனுக்குப் போனார். கணவர் ஊர் மேய்ந்துகொண்டிருக்க, இளம் மனைவி தெரசாவுக்கும் அரசு வழக்கறிஞர் பிலிப் பார்ட்டன் கீக்கும் பழக்கமாகிவிட்டது. பின்னாளில் அமெரிக்காவின் தேசிய கீதமான பாட்டை எழுதியவரின் மகன்தான் இந்தக் கீ. சிக்கிள்ஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 1859 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. விஷயம் அம்பலமானது தெரியாமல் கீ வீட்டெதிரே நின்று கைக்குட்டையை ஆட்டினார். சிக்கிள்ஸ் துப்பாக்கியோடு இறங்கினார். வெள்ளை மாளிகைக்கு எதிரே, பட்டப்பகலில் சுட்டார். நிராயுதபாணியான கீ, பையிலிருந்த ஓபரா பைனாகுலரை எடுத்து எறிந்து பார்த்தார். குண்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

வழக்கில் வாதாடியவர்களில் ஒருவர் எட்வின் ஸ்டாண்டன், பிற்பாடு லிங்கனின் போர் அமைச்சர். சுட்ட நேரத்தில் கட்சிக்காரருக்குத் தற்காலிகமாகப் புத்தி பேதலித்திருந்ததாம். அமெரிக்க நீதிமன்றத்தில் இந்த வாதம் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தவர் மனைவியை மன்னித்து ஏற்றுக்கொண்டார். கொலைக்குக் கைதட்டிய கனவான்களுக்கு இதுதான் பொறுக்கவில்லை. சபையில் அவர் பக்கத்தில் உட்காரவே ஆள் இல்லை!

நல்லவேளை, உள்நாட்டுப் போர் வந்தது. படை திரட்டிக் கொடுத்தார், ஜெனரல் ஆனார். 1863 ஜூலை 2, கெட்டிஸ்பர்க். நிற்கச் சொன்ன இடம் பள்ளமாகத் தெரிந்ததால், தளபதி மீடைக் கேட்காமலே ஏறத்தாழ 10,000 பேரைப் பீச் தோட்டத்துக்கு நகர்த்திவிட்டார். படை சின்னாபின்னமானது. பீரங்கிக் குண்டு அவர் வலது காலையும் கொண்டுபோனது. மனுஷன் சுருட்டை ஊதிக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் போனார். வெட்டியெடுத்த எலும்பைப் பெட்டியில் போட்டு, தன் அன்பளிப்பு என்று சீட்டெழுதி ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பிறகு வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிட்டும் வருவார். சொந்தக்காரரை நலம் விசாரிப்பது மாதிரி.

போரை ஜெயித்ததே தன் நகர்வுதான் என்று சாகும்வரை ஒற்றைக் காலில் நின்றார். வேறு வழி? 1897-ல் வீரப்பதக்கமும் கொடுத்துவிட்டார்கள். இடையில் ஸ்பெயினுக்குத் தூதராகப் போனவரை, நாட்டைவிட்டு ஓடிய ராணி இசபெல்லாவோடு சேர்த்துப் பாரிஸில் கிசுகிசுத்தார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

மறுபடி காங்கிரஸுக்குப் போய், கெட்டிஸ்பர்க்கைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது மட்டும் நிஜமான நல்ல காரியம். அங்கே உங்களுக்கு ஏன் சிலை இல்லை என்று கேட்டவர்களிடம், மைதானம் முழுக்க என் நினைவுச்சின்னம்தானே என்றாராம். அவர் தலைமை வகித்த நியூயார்க் நினைவுச்சின்னக் குழுவின் கணக்கில் சுமார் 28,000 டாலர் துண்டு விழுந்தபோது பதில் அவ்வளவு வேகமாக வரவில்லை. விவகாரம் கைது உத்தரவு வரை போனது. அப்போது ஆளுக்கு வயது 93.