மங்கி குல்லா மாவீரர்கள்

மார்கழி பிறந்ததும் திருபுவனையில் நீண்டதூர நடைப் பயிற்சி களைகட்டிவிடும். இலக்கு, திருவண்ணாமலை கிரிவலம்: 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். எதிரி, குளிர். புதுச்சேரி வட்டாரத்தில் ஜனவரி விடியலில் வெப்பநிலை 20, 21 டிகிரிக்கு இறங்கும். அதைச் சமாளிக்க மங்கி குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர், போதாக்குறைக்குக் காதில் பஞ்சு. லடாக்கில் உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின்மேல், மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறவர்கள்கூட இவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

அதே நேரத்தில் ஈரத் தரையில் குனிந்து, கோலத்தின் நடுவே பூசணிப்பூ வைக்கும் பெண்களுக்கும், பால் கறக்க உட்கார்ந்தவருக்கும், தொழிற்பேட்டை ஷிப்டுக்கு சைக்கிள் மிதிப்பவருக்கும் குல்லா கிடையாது. வேலைக்குப் போகிறவரைக் குளிர் தொடுவதில்லை. பயிற்சிக்குப் போகிறவரைத்தான் தேடிப் பிடிக்கிறது.

பயிற்சி முறையும் அலாதி. ஏரிக்கரை வரை விறுவிறு நடை. அங்கிருந்து டீக்கடைக்கு அதைவிட விறுவிறு. இரண்டு மெதுவடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. எரித்த கலோரி வட்டியோடு வீடு திரும்பும். கைபேசி அடிகளை எண்ணும். வடையை எண்ண அதற்குத் தெரியாது.

நம்மூர்க் குளிரால் ஆபத்தில்லை. விழுப்புரம் சாலையில், பனிமூட்டத்தில் வரும் லாரி அப்படியல்ல. கறுப்பு ஸ்வெட்டர் அதன் கண்ணில் படாது. ஆகவே அன்பர்களே, வெளிர்நிறச் சட்டை போடுங்கள். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். குல்லாவைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்; ஹாரனாவது காதில் விழட்டும்.