பம்பாய்க்கு வாக்கப்பட்ட சித்தப்பா

பம்பாய் தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு சித்தப்பா தங்கியிருப்பார். சில வீடுகளில் அவர் பெரியப்பா, சில வீடுகளில் தாய்மாமா. முறைதான் மாறும், ஆள் ஒரே ஆள்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர். கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, மொய்நோட்டைக் கூட்டிப் பார்த்துச் சண்டை போட்டு, அந்தச் சண்டையும் ஓய்ந்துவிட்டது. சித்தப்பா மட்டும் கிளம்பவில்லை. அவருக்குப் பம்பாய் மேல் காதல்.

வரும்போது மனுஷன் இப்படி இல்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலிருந்து தாதரில் இறங்கியபோது ஒரு கையில் உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பம், இன்னொரு கை சட்டைப் பையை விட்டு நகரவில்லை. பிளாட்பாரத்திலேயே பையை அறுத்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்துக்குப் பத்து ரூமையும், அதற்குள்ளேயே இருந்த குளிக்கும் மோரியையும், ஏணி வைத்து ஏறும் மாளாப் பரணையும் பார்த்தவர், "ஏல மக்கா, இதுக்குள்ளயா ஏழு பேரு கெடக்கிய?" என்று கண்ணைத் துடைத்தார். "தாலி கட்டுன மறுநாளே எனக்கு டிக்கெட் போட்டுரு."

வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சயானில் ஸ்லோ வண்டி பிடித்து அவரை வி.டி.க்குக் கூட்டிப் போனான். வினை அங்கேதான் தொடங்கியது.

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்த சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. சுவரெங்கும் மயிலும் குரங்கும் இலையும் பூவும். உச்சிக் கூண்டின் மேல் கல்லில் ஒரு பெண்.

"இது எந்தச் சாமி கோயிலுல?"

"கோயில் இல்ல சித்தப்பா, ரயில்வே ஸ்டேஷன். இப்பத்தான அதுக்குள்ள இருந்து வந்தோம்."

"டேசனுக்கா இம்புட்டு வேலப்பாடு?"

அண்ணன் மகனும் அன்றுதான் அண்ணாந்து பார்த்தான். இத்தனை வருஷமாக அந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவன். ஆனால் வேலைநாளில் அங்கே அண்ணாந்து பார்த்தால் பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும், வண்டியும் போய்விடும். பக்கத்தில் ஒரு கைடு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைச் சித்தப்பா காதுகொடுத்துக் கேட்டு மனப்பாடமே செய்துவிட்டார்: ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர் வரைந்த படம், கட்டி முடிக்கப் பத்து வருஷம், 1887இல் விக்டோரியா மகாராணி பொன்விழாவுக்கு அவர் பெயர், 2004இல் யுனெஸ்கோ பட்டியல். ஊரில் கரண்ட் பில் கட்டும் தேதி இவருக்கு ஒரு மாதமும் நினைவிருந்ததில்லை.

அடுத்தது கேட்வே. ஐந்தாம் ஜார்ஜ் 1911இல் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய வளைவு, திறந்ததோ 1924இல். ராஜா வந்த அன்று அங்கே நின்றது அட்டையில் செய்த வளைவுதான் என்று கேட்டதும் சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மந்திரி வரும்போது தட்டியும் பேப்பரும் ஒட்டி நம்மூரில் வைக்கும் அலங்கார வளைவு மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து பம்பாய் அவருக்கு அந்நியமாக இல்லை. சாயங்காலம் மெரின் டிரைவ் சுவரில் உட்கார்ந்தவரை, விளக்கெல்லாம் எரிந்த பிறகு கையைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு டிக்கெட் பேச்சே இல்லை. "உங்க பம்பாய்" போய் "நம்ம பம்பாய்" வந்தது. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும்போது மருமகளுக்கு முன்னால் எழுந்து டிரம் நிரப்பினார். பொதுக் கழிப்பிட வரிசையில் முகம் சுளிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கோ அது நடுவில் எழுந்து போக முடியாத சபை.

"1661ல போர்ச்சுகல் ராசா தன் அக்காளை இங்கிலாந்து ராசாவுக்குக் கட்டிக் குடுக்கையில இந்தத் தீவைத்தான் சீதனமாக் குடுத்தான். அவன் என்ன செஞ்சான்? 1668ல கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுட்டான். வருச வாடகை வெறும் பத்துப் பவுண்டு!"

பின்னாலிருந்து ஒரு குரல்: "டெபாசிட் எவ்வளவு அண்ணாச்சி?"

இரண்டாவது வாரம் சித்தப்பா தனியாகச் சுற்றத் தொடங்கினார். சாயங்காலமானால் ரூமுக்கு ஒரு தகவலோடு வருவார். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே இதே லேபர் கேம்ப்பில் குடியிருந்தவர் என்பதை தெருமுனை நாக்காவில் நின்ற பையன்களுக்குச் சொன்னவர் அவர்தான். அந்தப் பையன்கள் கேம்ப்பிலேயே பிறந்தவர்கள். பிறகு ஒருநாள் மூச்சிரைக்க வந்தார்.

"ஏல, காலா கில்லா காலா கில்லாங்கியளே, அது என்னனு தெரியுமால?"

"பஸ் டெப்போ."

"மண்ணாங்கட்டி. கோட்டைல! வெள்ளக்காரன் கட்டுன கோட்டை. ஜான் ஹார்ன்னு ஒரு கவர்னர், 1737. கல்லுல வெட்டி வச்சிருக்கான். செடியும் கொடியும் மண்டிக் கெடக்கு."

"அங்க கோட்டையா இருக்கு மாமா? அந்தப் பக்கமாத்தான நான் தெனமும் காய் வாங்கப் போறேன்" என்றாள் மருமகள்.

சித்தப்பா விடவில்லை. 1909இல் அச்சான பம்பாய் கெசட்டியர், நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. மீனவர் குப்பம். கழிமுகத்துத் தண்ணீர் வந்து போன சதுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துத்தான் ஆட்கள் குடிசை போட்டார்கள். "கடல் உங்க வாசல்ல நின்னிருக்குல. நீங்க என்னடான்னா ரயிலேறிப் போய்ப் பாக்கிய!"

அதுவும் விருந்தாளி வந்தால்தான் பார்க்கிறோம் என்பதை அண்ணன் மகனால் சொல்ல முடியவில்லை. கேம்ப்காரனுக்கு வாரம் ஆறு நாள் வேலை, அதற்கு மேல் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை தூக்கம், துணி துவைப்பு, சங்கக் கூட்டம். ஒரு நகரத்தைக் காதலிக்க அங்கே வேலை இல்லாமல் இருக்க வேண்டும், மூன்று வேளையும் இன்னொருவர் சோறு போட வேண்டும். சித்தப்பாவுக்கு இரண்டும் அமைந்திருந்தன.

கடைசியில் காதலைப் பிரித்தது சித்தியின் ஒரே ஒரு போன். என்ன சொன்னாள் என்பது வெளியே வரவில்லை. அன்றே தத்கலில் டிக்கெட் போடச் சொன்னார். தாதரில் வண்டி நகர்ந்தபோது வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். இந்தத் தடவை ரூமை நினைத்து அல்ல.

ஊரில் இப்போது பம்பாய் விவகாரத்துக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி. டீக்கடை டி.வி.யில் மும்பை மழை காட்டினால், "ஹிந்த்மாதால தண்ணி நிக்கத்தான் செய்யும், பள்ளமான எடம்லா" என்பார். யாராவது பம்பாயைக் குறை சொன்னால் அந்தக் கடையில் அன்றைக்கு டீ குடிக்க மாட்டார்.

மே மாதம் அம்மன் கொடைக்கு அண்ணன் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தான். வந்த இரண்டாம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சித்தப்பா, மணப்பாட்டுல ஒரு சென்ட் எடம் வெலைக்குக் கெடைக்குமா?"

"மணப்பாடா? அது பஸ்சு திரும்புத எடம்லா. அங்க என்னல இருக்கு?"

"என்ன சித்தப்பா இப்பிடிச் சொல்லிட்டிய! குன்று மேல திருச்சிலுவைக் கோயில் 1581ல கட்டுனது. கீழ சவேரியார் தங்குன குகை. சுத்திக் கடல்! பக்கத்துல இருந்துக்கிட்டு நீங்க பாத்ததே இல்லையா?"

"மீன் வாங்கப் போயிருக்கேன்" என்றார் சித்தப்பா.

அண்ணன் மகன் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, சவேரியார் கரை இறங்கிய 1542இலிருந்து ஆரம்பித்தான்.