உரிக்க நல்ல நாள் பார்த்தவன்

புதுப் பொருளின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை ஒரு முனையில் பிடித்துச் சர்ரென்று உரிப்பதில் பலருக்கு அலாதி சுகம். அதை மட்டும் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசையும். இனி கீறல் விழுமே என்றுதான் முதலில் தோன்றும். அதனால் எங்கள் வீட்டு ஏசியின் முகப்பில் நட்சத்திர ஸ்டிக்கரோடு தாளும் அப்படியே இருக்கிறது. வாஷிங் மெஷினின் பட்டன்களை ஒரு மங்கலுக்கு அடியில் தேடிப்பிடித்துத்தான் அமுக்க வேண்டும். டிவி ரிமோட் உறைக்குள் வாழ்கிறது. உறை கிழிந்தால் அடுத்த உறை வரும். ரிமோட்டின் திருமுகத்தை நேரில் தரிசித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் குறைவு.

மனைவி இதைக் கஞ்சத்தனம் என்பாள். பொறுப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

இத்தனை மரியாதைக்கும் உரிய அந்தத் தாள் என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் சாதாரணப் பாலிஎத்திலீன்தான். பால் பாக்கெட்டும் அதே இனம். கனம் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான். ஒரு பக்கத்தில் பசை. அந்தப் பசையை வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்கிறார்கள், சுலபமாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காக. ஃபேக்டரியில் இருந்து கிளம்பிய பொருள் லாரியில் உரசாமல், கொத்தனாரின் கரண்டி படாமல், சிமெண்ட் தெறிக்காமல் நம் வீட்டில் உட்காரும்வரை அது காவல் இருக்கும். மாட்டி முடித்த அன்றே அதற்குப் பணி ஓய்வு. நான் ஓய்வு கொடுக்காத கொடுமைக்கார முதலாளி.

மதுரையில் வீடு கட்டியபோது மேற்குப் பக்கம் யுபிவிசி ஜன்னல் போட்டோம். சட்டங்கள் முழுக்கத் தாள் ஒட்டியிருந்தது. ஜன்னல் மாட்ட வந்த பையன் கிளம்பும்போது, “சார், வேலை முடிஞ்சதும் இதை உரிச்சிடுங்க, வெயில் பட்டா வராது” என்றான். “பெயின்ட் வேலை முடியட்டும் தம்பி” என்றேன். பெயின்ட் முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாலு பேர் வந்து கை வைப்பார்களே, அது முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. பிறகு மழை, பிறகு பொங்கல். சித்திரை வெயில் வந்தபோதுதான் மனைவி ஜன்னலைக் காட்டி, “இதையாவது இந்த வருஷம் உரிப்பீங்களா, இல்ல பேரன் வந்து உரிக்கணுமா?” என்று கேட்டாள்.

நகத்தால் நெம்பினேன். சர்ரென்று வர வேண்டியது, காய்ந்த சுண்ணாம்பாகச் செதில் செதிலாக வந்தது. வந்த ஒவ்வொரு செதிலும் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். அதன் அடியில் இருந்த பசை வரவே இல்லை. பையன் சொன்ன ஒற்றை வரிக்குள் ஒரு வேதியியல் பாடமே இருந்தது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வெயிலின் புறஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். இழுத்தால் நீளும் தாள் அப்புறம் தொட்டால் நொறுங்கும் தாளாகிவிடும். பசையோ நேர்மாறு. சூட்டில் இளகி, பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் இறங்கி, அங்கேயே இறுகி உட்கார்ந்துகொள்ளும். தாள் பலவீனமாக, பசை பலசாலியாக, நடுவில் நான்.

ஹேர் டிரையரை வைத்து மிதமாகச் சூடு காட்டி, தாளைப் பின்னோக்கி மடித்து மெல்ல இழுத்திருக்கலாம். மீதிப் பசையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்திருக்கலாம். இவை இரண்டும் நான் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்று என் கண்ணில் பட்டது பெயின்டர் விட்டுப்போன தின்னர் பாட்டில். பசை போனது. கூடவே பளபளப்பும் போனது. எந்தப் பளபளப்பைக் காப்பாற்ற இத்தனை மாதம் காத்தேனோ, அதை நானே பழைய பனியன் துணியால் துடைத்து எடுத்தேன்.

இதில் பாடம் கற்றேன் என்று நினைத்தால் தவறு. ஸ்கூட்டரின் மீட்டர் கண்ணாடியில் கிடந்த ஸ்டிக்கர் பசைக்குத் தின்னர் கூடாது என்று மட்டும் ஞாபகம் இருந்ததால், நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தேன். அந்த ‘கண்ணாடி’ பிளாஸ்டிக். ரிமூவரில் இருந்ததோ அசிட்டோன். அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ் எல்லாவற்றையும் அது கரைத்துப் பதம் பார்க்கும். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்பது அன்றிலிருந்து அந்த மீட்டர் மட்டுமே அறிந்த ரகசியம்.

தாமதம்தான் என் வியாதி என்று புரிந்ததும், அடுத்த முறை முந்திக்கொண்டேன். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே போட பாலிகார்பனேட் ஷீட் வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் தாள். ஆட்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில் நானே கத்தி வைத்து முனையைக் கிளப்பி, எல்லா ஷீட்டிலும் இரண்டு பக்கத் தாளையும் உரித்துச் சுருட்டி மூலையில் வைத்தேன். வாழ்க்கையிலேயே முதன்முதலாக நான் ரசித்து உரித்த தாள் அது. திரும்பி வந்த மேஸ்திரி ஷீட்டைப் பார்த்தார், சுருட்டி வைத்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், மேல் பக்கம் எது?” என்றார்.

அந்த ஷீட்டில் புறஊதாவைத் தடுக்கும் பூச்சு பொதுவாக ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எது அந்தப் பக்கம் என்பதைத் தாளில்தான் அச்சடித்திருப்பார்கள். தாள் போய்விட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். மேஸ்திரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடவுளை வேண்டிக்கொண்டு மாட்டினார். கடவுள் சில ஷீட்டுகளுக்கு மட்டும் செவி சாய்த்தார். இப்போது எங்கள் கூரையில் தெளிவான கட்டமும் பழுப்பேறிய கட்டமும் மாறி மாறி இருக்கின்றன. வருகிறவர்கள் டிசைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

தாளும் வேண்டாம், வேறு எதையாவது சுற்றிவைப்போம் என்று நான் செய்த காரியம் இன்னும் மோசம். அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டரை மெத்தென்ற பிவிசி உறையால் இறுக்கிச் சுற்றிப் பரணில் ஏற்றினேன். பிறகு இறக்கியபோது உறையும் பெட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்த இடத்தில் பெட்டியின் பிளாஸ்டிக் பிசுபிசுத்து இளகியிருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பரும் ஸ்கேலும் ஒன்றாகக் கிடந்து, ரப்பர் ஸ்கேலைத் தின்று பள்ளம் பண்ணியதை நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்திருப்போம். அதே சங்கதிதான். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். அது உள்ளேயே அடங்கி இருக்காது. அந்தப் பெட்டியில் இருந்த பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக் பக்கத்தில் கிடைத்தால் மெல்லக் கசிந்து போய் அதையும் இளக்கிவிடும். காவலுக்குப் போட்ட ஆளே பெட்டியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

என் பயமே பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கைக் கீறுவது பெரும்பாலும் நம் வீட்டுப் புழுதிதான். அதில் இருக்கும் மணல் குவார்ட்ஸ். கடினத்தன்மையில் மோஸ் அளவுகோலின்படி அது 7. கண்ணாடி ஏறக்குறைய 5.5. பிளாஸ்டிக்குகள் அதற்கும் வெகு கீழே. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஐஃபோனின் திரை பிளாஸ்டிக்தான். பாக்கெட்டில் சாவியோடு கிடந்து அதில் கீறல் விழுந்ததைப் பார்த்து, கண்ணாடிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதே ஆண்டு ஜூனில் விற்பனைக்கு வந்தபோது திரை கண்ணாடியாகியிருந்தது. ஜாப்ஸ் பொருளையே மாற்றினார். நான் ஹெல்மெட்டின் முகப்பைத் தாளோடு போட்டுக்கொண்டு, தாளில் படிந்த தூசியைச் சட்டை முனையால் தேய்த்து, எதிரே வரும் லாரியை மேகமூட்டமாகப் பார்த்தேன். முகப்பு பாலிகார்பனேட். அடி தாங்கும், கீறல் தாங்காது. தண்ணீர் விட்டுப் புழுதியைக் கழுவிவிட்டுத் துடைத்தால் போதும். அந்தத் தண்ணீர்ச் செலவை மிச்சப்படுத்தியவன் நான்.

தாளை முறையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள். ஹெல்மெட் முகப்பின் மேல் மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எண்ணெயும் பூச்சியும் அப்பியதும், வண்டி பறந்துகொண்டிருக்கும்போதே ஒன்றைக் கிழித்து எறிவார்கள். அங்கேயும் வில்லங்கம் உண்டு. 2022 பெல்ஜியம் பந்தயத்தில் அப்படிப் பறந்த ஒரு தாள் ஷார்ல் லெக்லேரின் காரில் பிரேக்குக்குக் காற்றுப் போகும் வழியை அடைத்து, அவரைச் சீக்கிரமே பிட்டுக்குள் வரவைத்தது. ஆனாலும் அவர்களுக்கு உரிக்கும் வேளை துல்லியமாகத் தெரிகிறது. எனக்கு ஜன்னலில் பிந்தியது, கூரையில் முந்தியது.

போன மாதம் பழைய மொபைலை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போனேன். கடைப் பையன் ஸ்கிரீன் கார்டைக் கழற்றி, திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “ஒரு கீறல்கூட இல்ல சார், புதுசு மாதிரியே இருக்கு” என்றான். அந்தத் திரையை நானும் அப்போதுதான் முதல்முறை வெறுமையாகப் பார்த்தேன். நல்ல விலை வரும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் சொன்ன தொகை நெஞ்சை இறக்கியது. “கீறலே இல்லைன்னு நீயே சொன்னியே?” என்று கேட்டேன். “கீறல் இருந்தா குறைப்போம் சார். இல்லைன்னா கூட்டிக் கொடுக்க மாட்டோம்” என்றான்.

புது மொபைலுக்குக் கார்டு போடவா என்று கேட்டான். போடச் சொல்லிவிட்டு, பட்ட அனுபவத்தில் கேட்டேன். “இதை எப்போ தம்பி உரிக்கணும்?”

இந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, “உடைஞ்சா உரிங்க சார்” என்றான். கடைசியில் ஒருவர் எனக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார் என்ற நிம்மதியில் வீடு வந்தேன். போன வாரம் மொபைல் கை நழுவி விழுந்து, கார்டின் ஓரத்தில் ஒரு விரிசல். சின்னதுதான். இதை உடைந்ததாகக் கணக்கில் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.