எனக்கு வேணும்

நாற்பத்தேழு வயதில், இனி ஞானியாகிவிடுவது என்று முடிவெடுத்து மணப்பாட்டு அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கையில் புது டைரி. அதில் மூன்று நாளுக்கு அட்டவணை: காலை நாலு மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் தியானம், கோபம் கிடையாது, புறணி கிடையாது. ஊர் திரும்பும்போது முகத்தில் தேஜஸ் இருக்க வேண்டும். "என்ன சார், ஆளே மாறிட்டீங்க?" என்று ஆபீசில் யாராவது கேட்பார்கள். அதற்குச் சிரிக்க வேண்டிய சிரிப்பைத் திருச்செந்தூர் வருவதற்குள் ஒத்திகை பார்த்தாயிற்று.

அத்தை டைரியைப் புரட்டினாள். "நாலு மணிக்கா? தொழிலுக்குப் போறவன் அதுக்கு முன்னாலயே கடல்ல கெடப்பானே. நீ எந்திச்சி என்னலே செய்யப்போற?"

கவலையே வேண்டியிருக்கவில்லை. எழுந்தபோது மணி ஏழேகால்.

மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். கடல் பக்கம், சவேரியார் தங்கி ஜெபித்த குகை. அங்கே உட்கார்ந்து கண்ணை மூடினேன். நாலு நிமிடம் தாக்குப்பிடித்தேன். அதில் மூன்று நிமிடம், இப்போது யாராவது பின்னாலிருந்து போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும் என்கிற தியானம். மிச்சம் ஒரு நிமிடம் சீலாமீன் குழம்புக்குப் போனது.

அந்தக் குகைக்காரர் 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அக்டோபரிலேயே இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்துவிட்டவர். தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் கூட்டாளி மான்சிலாஸுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லவேண்டாம், 'விசுவாசம்' என்று சொல்லும். வேணும் என்றால் அர்த்தம் வேறு.

அதாவது, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, உடன்குடிக் கடையில் கருப்பட்டி கேட்கிற மாதிரி, கடவுள் எனக்கு வேணும் என்று அதுவரை ஓடியிருக்கிறது!

நானாயிருந்தால் அந்த ராத்திரியே குகைக்குள் போய்ப் படுத்தவன் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டேன். அதென்ன, முதலில் இங்கே வந்தே இருக்கமாட்டேன். உச்சரிப்பு சுத்தமாக வரட்டும் என்று கோவாவிலேயே இருந்துகொண்டு இன்றுவரை ழகரம் பழகிக்கொண்டிருப்பேன். அவர் இரண்டு வரியில் தப்பைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

டைரியைத் திறந்து பார்த்தேன். தேஜஸ் எனக்கு வேணும். ஆபீசில் கேட்க ஆள் வேணும். போட்டோ வேணும். அந்தக் காலத்து மணப்பாட்டுக்காரர்கள் தப்பான சொல்லில் கேட்டாலும் கடவுளையல்லவா கேட்டிருக்கிறார்கள்! என் லிஸ்டில் அவர் ஒருத்தர்தான் விட்டுப்போயிருந்தார்.

ராத்திரி அத்தை ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று மணியில் பாதி தாண்டியிருக்கும்; அடுக்களையில் சட்டி உருண்டது. "ஏ சவத்துப் பூனை, மீன்ல வாய வச்ச, கொன்னுபோடுவேன்!" என்று அதே ராகத்தில் அதட்டிவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்ந்தாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

பூனை மறுபடி வந்தது. அத்தை கண்ணைத் திறக்காமல் என் தொடையில் தட்டினாள். கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினேன். புது டைரி, நல்ல கனம்.