சுல்தானுக்கு அல்வா கொடுத்த ஆடு

மோஹேர் என்ற பளபளப்பான ஆட்டு முடிக்கு ஒரு காலத்தில் ஏகபோக முதலாளி துருக்கி சுல்தான். அங்காரா பக்கத்து வெள்ளாடுதான் அவருடைய பொன் முட்டை. முடியை விற்பார், ஆட்டை உயிரோடு வெளியே விட அவருக்கு மனசு வராது.

1838-இல் கர்னல் ஹெண்டர்சன் என்பவர் இந்தியாவிலிருந்து கிளம்பித் தென்னாப்பிரிக்காவுக்குத் துருக்கியிலிருந்து வந்த இந்த ஆடுகளைக் கொண்டுபோனார். பன்னிரண்டு கிடாய், ஒரு பெட்டை. எண்ணிக்கையைப் பார்த்தாலே சுல்தானின் தாராளம் விளங்கும். அனுப்பும்போதே பன்னிரண்டையும் மலடாக்கியிருந்தார்கள். இனி வம்சம் எங்கே விருத்தியாகும் என்று அரண்மனை நிம்மதியாகத் தூங்கியது.

எங்கள் கோவிலூர்ப் பக்கம் ஆடு வாங்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். அடுத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பான். சினையா, வெறும் வயிறா என்று தெரியாமல் விலை பேசமாட்டான். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன செட்டியாரிடம் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்கூட இதைச் சரக்குக் கணக்கில் விடமாட்டான். சுல்தானின் அதிகாரிகளோ கிடாய்களையே காவல் காத்தார்கள். பெட்டை சினை. வழியிலேயே குட்டி போட்டது, அதுவும் கிடாய்க்குட்டி!

அந்தக் குட்டியை வைத்தே தொழில் தொடங்கியது. நாட்டு ஆடுகளோடு கலந்தார்கள். பின்னால் துருக்கியிலிருந்தே இன்னும் ஆடுகள் வந்தன. இன்று உலக மோஹேரில் ஏறக்குறையப் பாதி தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் கரூ என்னும் வறண்ட பூமியில், விளைகிறது. தலைமுறை தலைமுறையாக அதையே நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை முடி வெட்டு. குட்டியின் முடிதான் மெல்லிசு, விலையும் அதற்குத்தான். வயசாக ஆக முடி தடித்துவிடும். வெட்டிய கையோடு குளிர்ந்த மழை பிடித்தால் மந்தையே சாய்ந்துவிடும். பட்டு மாதிரி உடுத்தியிருந்த பிராணி திடீரென்று மொட்டையாக நின்றால் தாங்குமா?

அடுத்து அமெரிக்கா. 1849-இல் தென் கரோலினாவின் டாக்டர் ஜேம்ஸ் டேவிஸ், சுல்தானுக்குப் பருத்தி விளைவிக்கச் சொல்லிக்கொடுக்கப் போய், ஒன்பது ஆடுகளோடு திரும்பினார். காஷ்மீர் ஆடு என்றே அவற்றைக் காட்டிப் பெருமைப்பட்டார். பிற்பாடு டெக்சஸ்காரர்கள் மந்தை மந்தையாக வளர்த்தார்கள்.

1954-இல் அமெரிக்க அரசு தேசியக் கம்பளிச் சட்டம் கொண்டுவந்தது. பட்டாளத்துக்குக் கம்பளி உடுப்பு வேண்டும், ஆகவே உள்நாட்டு உற்பத்திக்கு மானியம் என்பது பேச்சு. செம்மறிக்குப் போட்ட பந்தியில் அங்காரா வெள்ளாடும் இலை போட்டு உட்கார்ந்தது. சிப்பாய்கள் செயற்கை நூலுக்கு மாறிய பிறகும் பந்தி கலையவில்லை. 1993-இல் சட்டத்துக்கு முடிவு கட்டி, 1995-க்குள் மானியத்தை நிறுத்தினார்கள். 2002-இல் விவசாயச் சட்டத்தின் வழியாக மோஹேர் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

சுல்தான் ஏமாந்தது ஒரே ஒரு குட்டியால். வாஷிங்டன் நாற்பது வருஷம் ஏமாந்தது, காசு கொடுத்து.