டாகோவுக்குள் பலாமூசு

மேல்பட்டாம்பாக்கத்துத் தெருவொன்றில், ஒரு வீட்டில் இப்போதெல்லாம் ஞாயிறு என்றால் டாகோ. சப்பாத்தியை மடித்து உள்ளே ராஜ்மா, மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி. கிண்ணத்தில் வைத்து அக்கம்பக்கத்துக்கும் அனுப்புகிறார்கள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே என்று அங்கிருந்து கேழ்வரகு அடை வருகிறது. இந்தப் பண்டமாற்றில் லாபம் யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

மெக்சிகோவில் டாகோவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோல் கழன்றதும் அரைத்து ரொட்டி தட்டுவார்கள். நம் வீட்டுச் சுண்ணாம்போ வெற்றிலைப் பெட்டியைத் தாண்டியதில்லை. "சோளத்துல சுண்ணாம்பா? வாய் வெந்துடும்மா" என்று அந்த வீட்டு மாமியார் ஒரே போடாகப் போட்டதில் கோதுமை ஜெயித்தது. "இதுல காரமே இல்ல" என்று கையோடு நம்மூர் மிளகாய்த்தூளையும் அள்ளிக் கொட்டிவிட்டார். மிளகாய்க்கே பூர்வீகம் மெக்சிகோ பக்கம்தான். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்தது. பாவம், பிறந்த வீட்டுப் பலகாரத்துக்குள்ளேயே அந்நியச் சரக்காக நுழைய வேண்டியிருக்கிறது.

அப்புறம் பலா. அமெரிக்காவில் கறி தின்னாதவர்கள் பலாமூசை, அதாவது பலாப்பிஞ்சை, வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து டாகோவில் வைக்கிறார்கள். அங்கே அது டப்பாவில் விற்கிறது. அந்தச் செய்முறையைப் படித்த மருமகள், டப்பா பலாவை ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறாள். வாசலைத் தாண்டினால் பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிக்கு பஸ்.

"அதை ஏம்மா டப்பாவுல தேடற? போன வாரம் பலாமூசு பொரியல் வச்சேன், தொட்டுக்கூடப் பாக்கலையே நீ?"

"அது பொரியல் அத்தை."