சுருளும் எண்ணும்: மூன்று நூற்பாவும் உரையும்

சுருளே எண்ணே எனவிரு வகைத்தே
ஓய்வுநாட் பிடிக்கும் ஒளிப்படக் கருவி.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி எத்தனை வகைப்படும் என்று உணர்த்துதல் நுதலிற்று. சுருளாவது ஃபிலிம் ரோல் போடுவது. எண்ணாவது டிஜிட்டல். 'ஓய்வுநாள்' என்று விதந்து ஓதியதால் கல்யாண வீட்டுக்காரரும் பத்திரிகைக்காரரும் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கும் ஸ்டுடியோக்காரரும் விலக்கப்பட்டனர். அவர்கள் என்றைக்கோ டிஜிட்டலுக்கு மாறி, இந்த விவகாரத்தை மறந்தும் போனார்கள். கைபேசியில் எடுப்போரை ஏன் சேர்க்கவில்லை எனின், அவர்கள் படம் எடுக்கிறார்கள். நம் ஆய்வுக்கு உரியவர்கள் கேமரா வைத்திருக்கிறார்கள்.

சுருளை முதலில் வைத்தது, காலத்தால் முந்தியது என்பதாலும் அதன் கட்சிக்காரர்கள் அதிகம் பேசுவார்கள் என்பதாலும் என்க. சினிமா ஃபிலிமைச் சிறிய கேமராவுக்குள் புகுத்தி, 24க்கு 36 மில்லிமீட்டர் என்று சட்டம் வகுத்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். அவருடைய லைக்கா 1925இல் கடைக்கு வந்தது. ரோலில் 36 படம் அமைந்ததற்கு, அவர் இரு கையையும் விரித்த அகலமே காரணம் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கைகளை அளந்து பார்த்தவர் நம்மிடையே இல்லாததால் கதையை அப்படியே விட்டுவிடுகிறேன். டப்பாவில் 36 என்று போட்டிருந்தாலும் 37 எடுப்பவன் கெட்டிக்காரன், 38 எடுப்பவன் தெய்வப்பிறவி. ரோல் தீர்ந்த பிறகும் வெறும் ஃப்ளாஷை அடித்து, மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைத் திருப்திப்படுத்திய கல்யாண மரபும் இங்கே இருந்தது. விலக்கப்பட்டோரைப் பற்றிய செய்திதான். என்றாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

இன்று கலர் ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி மூன்றும் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு சொடுக்கு 28 ரூபாய்க்குக் குறையாது. சுருள் கட்சியின் தத்துவம் முழுவதும் இந்த 28 ரூபாயில் வேர் விட்டு நிற்கிறது. "நான் ஒவ்வொரு படத்தையும் யோசித்துத்தான் எடுப்பேன்" என்பார்கள். யோசனை ரூபாயினுடையது, விரல் மட்டும் அவர்களுடையது.

கழுவுதல் பற்றித் தனியே பேச வேண்டும். நம் நாட்டுக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவலாம். வெளிச்சம் புகாத ஒரு டப்பா, டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ இருந்தால் போதும். மருந்துக்கு உகந்த வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்கிறது சாத்திரம். சித்திரை மாதச் சென்னையில் எந்தக் குழாயும் 20 டிகிரித் தண்ணீர் தந்ததாகக் கேள்வியில்லை. சூடு கூடினால் கழுவும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு அட்டவணை உண்டு. ஆனால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் மருந்து சீராகப் பிடிக்காமல் படம் திட்டுத் திட்டாகிவிடும். எனவே சுருள் கட்சியினர் ஃப்ரீஸரிலிருந்த ஐஸ் கட்டி முழுவதையும் காலி செய்கிறார்கள். அதற்குரிய வசவையும் வீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கலர் சுருளுக்கு வேண்டியதோ 37.8 டிகிரி. நம் தேசத்துக்கு நல்ல காலம் பிறப்பதை இங்கே கவனிக்க. கத்திரி வெயிலில் வேலூர் மொட்டை மாடித் தொட்டியில் நண்பகலில் நிற்பது ஏறத்தாழ அந்தச் சூட்டுத் தண்ணீர்தான். குளிர்நாட்டான் ஹீட்டர் வைத்து அரும்பாடுபட்டுப் பெறுவதை நமக்குச் சூரியன் மீட்டர் போடாமல் தருகிறான். அற்றேல், கலர் கழுவுவதற்கு உலகத் தலைநகராக வேலூரை அறிவித்துவிடலாமே எனின், ஆகாது. என்னை? டெவலப்பரின் சூடு 0.15 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது கோடாக் வகுத்த விதி. அவ்வளவு கண்டிப்புக்கு எந்த மாடித் தொட்டியும் உடன்படாது. ஃபிலிம் தயாரிக்க நடுவண் அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியில் இருந்ததையும் நினைத்துக்கொள்க. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்தச் சுருள் குளிரில் பிறந்து, கழுவப்படுவதற்காகச் சமவெளிக்கு இறங்கியது. ஆலையை மூடிவிட்டார்கள். குளிர் மட்டும் இன்னும் அங்கே உற்பத்தியாகிறது.

இனி எண். முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல், அதே கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் செய்தார். எடை சுமார் மூன்றரைக் கிலோ. படத்தில் 100க்கு 100, ஆக 10,000 புள்ளி. நிறம் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. 'எடுத்த உடனே பார்க்கலாம்' என்று மார்தட்டும் கட்சியின் மூதாதை இப்படி ஆற அமர வேலை பார்த்திருக்கிறது. ஒரு நாடாவுக்கு 30 படம் என்று சாஸன் வரையறுத்ததற்குக் காரணம், அது 24 பட ரோலுக்கும் 36 பட ரோலுக்கும் நடுவில் இருந்ததே. சுருளே இல்லாத கருவிக்குள்ளும் சுருளின் ஆவி புகுந்திருந்தது என்பது இதனால் பெறப்படும். ஃபிலிம் விற்று வாழ்ந்த கம்பெனி இந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை. 2012இல் திவால் மனுக் கொடுத்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளை மேலாண்மைப் பேராசிரியர்களுக்கு விட்டுவிடுவோம், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும்.

எண் கட்சியின் வேதம், சொடுக்கு இலவசம் என்பது. இன்று விநாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராக்கள் சாதாரணம். பார்னாக்கின் 36 படம் அவற்றில் 1.8 விநாடியில் தீரும். சுருள் விலையில் கணக்கிட்டால் விநாடிக்கு 560 ரூபாய். வேடந்தாங்கலில் ஒரு நத்தைகுத்தி நாரை மூன்று விநாடி இறக்கையை விரித்தால் 1,680 ரூபாய். நாரைக்கு இது தெரியாது. எண்ணோனுக்கும் அன்று பகலில் தெரியாது. இரவு கம்ப்யூட்டர் முன் உட்காரும்போதுதான் ஒரே நாரை 400 முறை ஒரே மாதிரி நிற்பது தெரியவரும். 212ஆவதில் கண் துல்லியம், 213ஆவதில் இறக்கை துல்லியம். எதையும் அழிக்க மனம் வராது. ஹார்ட் டிஸ்க் நிரம்பும். அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொரு ஹார்ட் டிஸ்க் வரும். சுருளோன் சொடுக்குவதற்கு முன் படுவதை எண்ணோன் சொடுக்கிய பின் படுகிறான். மொத்தக் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இதற்கு அவஸ்தை அழியா விதி என்று பெயரிட்டிருக்கிறேன்.

சுருளோர் சேரிடம் எண்ணே, எண்ணோர்
சேரிடம் சுருளே செப்புங் காலே.

'செப்புங் காலே' அடி நிரப்ப வந்தது. மற்றவை பொருளுடையன. சுருளோன் ரோலைக் கழுவியதும் முதல் வேலையாக ஸ்கேன் செய்கிறான். அந்தக் கணமே அது டிஜிட்டல் படம். அதிலுள்ள தூசியைக் கம்ப்யூட்டரில் துடைக்கிறான், நிறத்தைத் திருத்துகிறான், இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறான். எண்ணோன் செல்லும் திசை நேர் எதிர். ஃபூஜிஃபில்ம் டிஜிட்டல் கேமராக்களில் அந்தக் கம்பெனியின் பழைய ஃபிலிம்களான ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா ஆகியவற்றின் நிறம் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக இருக்கிறது. ஃபிலிமில் பொடிப் பொடியாகத் தெரியும் 'க்ரெய்ன்' என்ற மணலைக்கூடச் சேர்க்கலாம். சிறுமணல், பெருமணல் என்று அளவும் உண்டு. மணலே தெரியாத ஃபிலிம் செய்ய வேதியியல் அறிஞர்கள் ஒரு நூற்றாண்டு பாடுபட்டார்கள் என்பதை இங்கே சொல்வது மரியாதையாக இராது.

அற்றேல், இது மென்பொருள் விளையாட்டு, கருவி அப்படி மயங்காது எனின், லைக்கா 2018இல் விட்ட எம்10-டி என்ற கேமராவைக் காண்க. டிஜிட்டல்தான், ஆனால் பின்னால் திரை கிடையாது. எடுத்த படத்தை அதில் பார்க்க முடியாது. மேலே ரோலை நகர்த்தும் நெம்புகோல் போல ஒன்று விரிகிறது. நகர்த்த உள்ளே ரோல் இல்லாததால் அது கட்டைவிரல் சாய்ந்துகொள்ளும் இடம். எதிர்ப்புறத்திலிருந்து பென்டாக்ஸ் 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புதிய ஃபிலிம் கேமராவை விட்டது. ஒரு சட்டத்தைப் பாதியாக்கி 36இல் 72 படம் எடுப்பது. படமும் கைபேசியில் பார்க்கத் தோதாக நெட்டுக்குத்தாக வரும். இரு கட்சியும் மற்றதன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகின்றன. இரண்டு வீட்டிலும் ஆளில்லை.

அப்படியானால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லையா என்று மாணாக்கன் கேட்பான். உண்டு, அதை வேட்டியால் அறியலாம். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை டிஜிட்டலில் எடுக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டால் வேட்டியின் மடிப்பும் நெய்தலும் மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். போன வெள்ளையைக் கம்ப்யூட்டர் மீட்டுத் தராது. கலர் நெகட்டிவோ இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், மடிப்பைக் காப்பாற்றும். இனித் தாராசுரம் போய் இராசகம்பீரன் மண்டபத்துத் தூண்களில் நிழலுக்குள் இருக்கும் சிறு சிற்பங்களை எடுங்கள். அங்கே சுருள் தோற்கும். நெகட்டிவில் நிழல் பதியாவிட்டால் பதியாததுதான். டிஜிட்டலில் ஒளி உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், இருண்ட இடத்தைப் பின்னர் தூக்கியும் விடலாம். சுருளோன் போட்ட ரோல் 200 என்றால் 36 படமும் 200தான். எனவே அரசியல் கூட்டங்களுக்குச் சுருளும் மண்டபங்களுக்கு எண்ணும் எடுத்துச் செல்க. இவ்விதி நெகட்டிவுக்கே உரியது. ஸ்லைடு ஃபிலிம் வேட்டி விஷயத்தில் டிஜிட்டலைப் போலவே கோபக்காரன்.

இனிப் புறனடை.

சுருளே ஆயினும் எண்ணே ஆயினும்
பூஞ்சை பிடிக்கும் புழுங்கும் ஊர்க்கே.

கடலோர ஊர்களில் லென்ஸின் உட்புறம் சிலந்திவலை போலப் பூஞ்சை படரும். அது கட்சி பார்ப்பதில்லை. முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில், அல்லது ஈரப்பதத்தை 40, 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் உலர் பெட்டியில் கருவியை வைப்பது முறை. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உறையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பூட்டி வைத்தல் இரு கட்சியினராலும் போற்றப்படும் பிழை. பூஞ்சை பிடித்த லென்ஸில்தான் படம் கனவு போல மென்மையாக விழும் என்பாரும் உளர். அவர்கள் அந்த லென்ஸை விற்க வந்தவர்கள் என்று கொள்க.